அட்டை இல்லாமல் வந்த செய்தி

மெத்தைக்காரர் போனில் எதையும் சும்மா அனுப்பமாட்டார். காலை வணக்கம் அனுப்பினால் அதற்குக் கீழே அவருடைய கடை அட்டையின் படம் வரும். பிறந்தநாள் வாழ்த்தா, கீழே அட்டை. பரீட்சையில் பாஸான பிள்ளைக்குப் பாராட்டா, கீழே அட்டை. பச்சை நிறம், நடுவில் சுருண்டு தூங்கும் ஒரு பூனை, அதன் அடியில் 'படுத்தால் போதும், தூக்கம் தானாக வரும்' என்ற வாசகம், விலாசம், போன் நம்பர். பூட்டுக்கடைக்காரரின் மாமனார் இறந்தபோது 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று அனுப்பியவர், பழக்க தோஷத்தில் அதற்குக் கீழேயும் பூனையை அனுப்பிவிட்டார். துக்க வீட்டில் போனைப் பார்த்த பூட்டுக்கடைக்காரர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமனார் மேல் இவ்வளவு பாசமா என்று சுற்றியிருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பஞ்சு மெத்தை ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் உழைக்கும். வாங்கினவன் மறுபடி வருவதற்குள் கடை எங்கே இருந்தது என்பதையே மறந்துவிடுவான். ஞாபகப்படுத்தத்தான் பூனை.

எங்களுடையது கூரை போட்ட நீளமான கடைத்தெரு. கட்டடம் வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தம். நாங்கள் எல்லோரும் சங்கத்தின் வாடகைக்காரர்கள். என்னுடையது பாத்திரக் கடை. எனக்கு நேர் எதிரே மெத்தைக் கடை. அவர் பஞ்சை அடித்துப் பரப்புவார். அவர் மனைவி, மெத்தைக்காரம்மா, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பெரிய ஊசியால் ஓரம் தைப்பார். ஊசி உள்ளே போய் வருகிற நேரமெல்லாம் அவர் வாயும் சும்மா இருக்காது. கணவரைப் பற்றி அந்தத் தெருவுக்குத் தெரிந்ததில் பாதி அந்த அம்மாள் தைத்துக்கொண்டே சொன்னதுதான்.

இந்தத் தெருவில் யாரும் எதையும் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடமாட்டோம். என்னிடம் குண்டான் வாங்க வருகிறவர்கள் அதை விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள். குடை வாங்க வருகிறவர்கள் விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடுவார்கள். விலையா, மூன்று கடை கேட்ட பிறகுதான் பை வாய் திறக்கும். மூன்றிலும் ஒரே விலை சொன்னால் அதுதான் சந்தை விலை, அதற்கு மேல் பேச்சில்லை. நடக்கப் பழகும்போதே எங்களுக்கு இது பழகிவிடும்.

இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஏமாந்தது அந்த மூன்று கடைக் கணக்கில்தான்.

ஒரு நாள் எங்கள் போன்களில் ஒரு வீடியோ வந்தது. கையுறை போட்ட ஒருவன் மெத்தையைக் கத்தியால் கிழிக்கிறான். உள்ளேயிருந்து பழுப்பும் கறுப்புமாகப் பஞ்சு பிதுங்கி வருகிறது. ஒரு குரல் மட்டும் கேட்கிறது: "பாருங்க மக்களே, ஆஸ்பத்திரில தூக்கிப் போட்ட பஞ்சு. இதுலதான் நம்ம குழந்தைங்க படுத்துத் தூங்குது." வீடியோவுக்குக் கீழே பச்சை அட்டை, தூங்கும் பூனை. அது ஊரைச் சுற்றி மறுபடி எங்களிடம் வந்தபோது அதற்கும் கீழே யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'எச்சரிக்கை! இந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்.'

சங்கத் தலைவரான பூட்டுக்கடைக்காரர் முறைப்படிதான் விசாரித்தார். குடைக்கடையில் கேட்டார். "எனக்கும் வந்துச்சே" என்றார் குடைக்காரர். செருப்புக் கடையில் கேட்டார். அங்கேயும் வந்திருந்தது. என்னிடம் கேட்டார். எனக்கும் வந்திருந்தது. மூன்று கடை, ஒரே விலை. தலைவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். என் கடையில் எல்லா அளவிலும் மூடி உண்டு, அந்த ஒரு வாய்க்கு மட்டும் கிடையாது. மெத்தைக் கடைக்கு வாடிக்கை நின்றுபோனது. அதோடு போயிருந்தால் மற்றவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம். பயம் மெத்தையிலிருந்து தலையணைக்குப் போய், தலையணையிலிருந்து திரைச்சீலைக்குத் தாவி, தெரு முழுக்கப் பரவியது. ஒரு அம்மாள் என் கடைக்கு வந்து ஒரு குண்டானைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரிப் பாத்திரம் இல்லையே?" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்னொருத்தி, ஆறு மாதத்துக்கு முன் ஆசையாக வாங்கிப் போன மெத்தையைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து மெத்தைக் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனாள். திட்டக்கூட இல்லை. "வீட்ல கைக்குழந்தை இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். மெத்தைக்காரம்மா அன்றைக்குத் தைக்கும்போது வாய் திறக்கவில்லை.

மெத்தைக்காரர் என் கடைக்கு வந்து கவிழ்த்து வைத்திருந்த அண்டா மேல் உட்கார்ந்தார்.

"என்னைப் பத்தி ஏதோ வீடியோ சுத்துதாமே அண்ணே."

"ஆமாப்பா."

"நல்லா வந்திருக்கேனா?"

"நீ பார்க்கவே இல்லையா?"

"காட்ட ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. கேட்டா, 'போன்ல சார்ஜ் இல்ல'ங்கறான். காட்டினாலும் நான் பார்க்கறதா இல்ல. என் மெத்தைக்குள்ள என்ன இருக்குன்னு எவனோ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

நானே போனை எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்ணே. பாத்தா நாலு நாள் தூக்கம் போயிடும். மெத்தைக்காரன் தூங்காம இருந்தா அது வேற கேவலம்."

சங்கக் கூட்டம் சாயந்திரம் என்று முடிவானது. என்ன பேசப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கடையைக் காலி செய்யச் சொல்வார்கள். அப்படி அவர் வெளியேறினால் வேறு எந்தத் தெருவிலும் அவருக்கு இடம் கிடைக்காது. பூனையோடு சேர்ந்து அந்த வீடியோவும் அவருக்கு முன்னே அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

மத்தியானம் என் கண்ணாடியின் காது உடைந்ததால் கண்ணாடிக்காரம்மாவிடம் போனேன். தெருக்கோடியில் அவருடைய கடை. 'கண்ணால் கண்டதும் பொய்' என்று யாராவது பழமொழி சொன்னால், "அதைச் சொன்னவன் பவர் செக் பண்ணிருக்கமாட்டான்" என்பார். என் கண்ணாடிக்குத் திருகாணி தேடிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு அந்த வீடியோ யாரு அனுப்பினது?"

"செருப்புக்கடைக்காரர்."

"அவருக்கு?"

"அதை நான் கேக்கலையேம்மா. தலைவர்தான் மூணு கடை விசாரிச்சிட்டாரே."

"மூணு கடைல ஒரே விலை சொன்னா என்ன அர்த்தம்?"

"அதான் சந்தை விலை."

"இல்லாட்டி மூணு பேருக்கும் மொத்த வியாபாரி ஒருத்தன். நீங்க எத்தனை தடவை அப்படி மாட்டியிருக்கீங்க, சொல்லுங்க."

மாட்டியிருக்கிறேன். எல்லோரும் மாட்டியிருக்கிறோம். அப்படிப்பட்ட சரக்குக்கு மூன்று கடை ஏறி இறங்கிப் பயனில்லை, கொள்முதல் எங்கே என்று நேராகப் போய்க் கேட்கவேண்டும். இது கீரை விற்கிறவருக்குக்கூடத் தெரிந்த பாடம். போனில் வந்த சரக்குக்கு மட்டும் எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

என் போனை வாங்கி வீடியோவை ஓடவிட்டார். நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா, பஞ்சுல ஏதாவது தெரியுதா?"

"பஞ்சைத்தான் எல்லாரும் பாத்தாச்சே. நான் ஓரத்தைப் பாக்கறேன்." லென்ஸை இறக்கினார். "சாயந்திரம் பேசிக்கலாம். நீங்க வாயை மூடிட்டு வாங்க. உங்க கடையில மூடிக்குப் பஞ்சமா என்ன?"

சங்க அறை பூட்டுக்கடை மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, சுற்றும்போதெல்லாம் முனகும் மின்விசிறி. மெத்தைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், சலவைச் சட்டை போட்டு. பக்கத்தில் அவர் மனைவி, தைக்கும்போது விரலில் போடும் உறையைக் கழற்றாமல்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு மட்டும் ஆசையா சொல்லுங்க. இருவது வருஷமா ஒரே தெருல ஒண்ணா டீ குடிச்சவங்க. ஆனா மொத்தத் தெருவும் படுத்துடுச்சு. நீ உன் கடையைக் கொஞ்ச நாளைக்கு..."

"கொஞ்ச நாளா?" என்றார் மெத்தைக்காரம்மா. "கடையைக் காலி பண்றதுல கொஞ்சம், நிறையன்னு இருக்கா அண்ணே?"

தலைவர் மேஜையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜை.

கண்ணாடிக்காரம்மா எழுந்தார். "தலைவரே, சரக்கு கெட்டதுன்னு சொல்லி ஒரு ஆளைக் கடையை விட்டு அனுப்பறோம். சரி. அந்தச் சரக்கு எங்க கொள்முதல் ஆச்சுன்னு கேட்டுட்டு அனுப்பலாமா?"

"பஞ்சா?"

"வீடியோ."

யாரோ சிரித்தார்கள். ஆனால் கொள்முதல் என்ற வார்த்தை எங்களுக்குப் புரியும். வரிசையாகக் கேட்டார். எனக்குச் செருப்புக்கடைக்காரர். அவருக்குக் குடைக்காரர். தலைவருக்கும் குடைக்காரர்தான். அறையில் யாரைத் தொட்டாலும் இரண்டு கை தாண்டிக் குடைக்காரரிடம் போய் நின்றது. மழை இல்லாத நாளில் குடைக்காரருக்குச் செல்போன்தான் வியாபாரம். பூ, பொன்மொழி, வைத்தியக் குறிப்பு என்று விடியும்போதே கடை விரித்துவிடுவார்.

"அப்ப மூணு கடை இல்ல தலைவரே. ஒரே கடை" என்றார் கண்ணாடிக்காரம்மா. "குடைக்காரரே, உங்களுக்கு யாரு குடுத்தது?"

"எனக்கு எப்படித் தெரியும். நான் வந்ததை அனுப்புவேன். அது ஓடி முடியறவரைக்கும்கூட உக்காந்திருக்கமாட்டேன்."

"பாக்காமலேயா?"

"ஒவ்வொண்ணையும் பாத்துட்டு அனுப்பணும்னா ஒருநாள் பத்துமா?" அவர் நிஜமாகவே கேட்டார்.

"தேடிப் பாருங்க."

குடைக்காரர் போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். நேரம் ஆகிறது என்று தலைவர், மெத்தைக்காரருக்கும் நியாயம் காட்டவேண்டும் என்பதற்காக, தன் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு அவர் முன்னால் நீட்டினார். இந்தத் தடவை அவரால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. கத்தி இறங்கியது. பஞ்சு வந்தது. குரல் கேட்டது.

மெத்தைக்காரரின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பார், மாட்டிக்கொண்டான் என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு.

அவர் எழுந்தார். "தேட வேணாம். அது நான் அனுப்பினது."

எல்லோரும் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்னய்யா சொல்றே?" என்றார் தலைவர். "உன் கடையைப் பத்தி நீயே அனுப்பினியா?"

"என் கடையைப் பத்தி இல்லண்ணே. பஞ்சு லோடு கொண்டு வர்ற லாரி டிரைவர் எனக்கு அனுப்பினாரு. நான் அதைக் குடைக்காரருக்கு... ஒரு ஏழெட்டுப் பேருக்கு அனுப்பினேன்."

"இருக்கு, இருக்கு" என்றார் குடைக்காரர். தேடியது கிடைத்துவிட்டது. போனைக் கண்ணாடிக்காரம்மா வாங்கி உரக்கப் படித்தார். முதலில் வீடியோ. அதன் கீழே மெத்தைக்காரர் எழுதியது: 'இந்த அநியாயத்தைப் பாருங்கள். இப்படியும் மெத்தை விற்கிறார்களாம். நம் கடையில் அந்த வேலை இல்லை. சந்தேகம் இருந்தால் வாருங்கள், தையலைப் பிரித்தே காட்டுகிறேன்.' அதன் கீழே, வழக்கம்போல, பூனை.

"நடுவுல இருந்த எழுத்து எங்க போச்சு?" என்று குடைக்காரரைக் கேட்டார்.

குடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இப்பத்தான் ஞாபகம் வருது. அது நீளமா இருந்துச்சும்மா. யாரு படிப்பாங்க? வீடியோவையும் அட்டையையும் மட்டும் அனுப்பினேன். அட்டையில விலாசம் இருக்கே, நம்ம ஆளுக்கு நாலு வியாபாரம் வரட்டுமேன்னுதான்." குரல் இறங்கியது. "நல்லதுக்குத்தான்யா செஞ்சேன்."

அந்த எச்சரிக்கை வரியை எந்தப் புண்ணியவான் சேர்த்தான் என்பது இன்றுவரை தெரியாது. சேர்த்தவனும் நல்லதுக்குத்தான் செய்திருப்பான். வீடியோவையும் அட்டையையும் ஒன்றாகப் பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? தினம் தினம் அந்தப் பூனையைப் பார்த்துச் சலித்த எங்களுக்கே, அது இங்கே எப்படி வந்து படுத்தது என்று கேட்கத் தோன்றவில்லையே.

மெத்தைக்காரம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாவு வீட்டுக்கே பூனையை அனுப்பின மனுஷன். அன்னிக்கே சொன்னேன், ஒருநாள் இந்தப் பூனை நம்ம வீட்டுக்கு எலியைத் தூக்கிட்டு வரும்னு."

அறையே சிரித்தது. தலைவர்தான் அதிகம் சிரித்தார். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியிருந்தது. கடை மெத்தைக்காரருக்கே என்று சொல்லிக் கூட்டத்தை முடித்து, டீ சொல்லலாம் என்று வாயெடுத்தார்.

"இருங்க" என்றார் கண்ணாடிக்காரம்மா. மெத்தைக்காரரிடம் திரும்பினார். "தம்பி, இதை அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

"எதைப் பாத்தீங்க?"

"பஞ்சைத்தான். வேற எதை?"

"குரல் சொன்னதை நம்பிட்டீங்க."

"நமக்குப் போட்டியா எவனோ இப்படிச் செய்யறான்னு... அப்படித்தான் நினைச்சேன்."

கண்ணாடிக்காரம்மா வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி அவரிடம் நீட்டினார். எல்லோரும் எழுந்து சுற்றி நின்றோம். மெத்தைக்குப் பின்னால் ஒரு சுவர். சுவரில் இடுப்பு உயரத்துக்கு நேர்க்கோடாகச் சேற்றுக் கறை. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஓரத்தில் கவிழ்ந்த கட்டில், ஊறி உப்பிப்போன அலமாரிக் கதவு, நனைந்த துணி மூட்டை. ஒரு மூலையில், கத்தியும் பஞ்சும் அசையாத இடத்தில், ஒரு பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை தடவை அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் நாங்கள். அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"இது கடையே இல்ல" என்றார் மெத்தைக்காரர்.

"வெள்ளம் பூந்த வீடு மாதிரிதான் எனக்குத் தெரியுது. எந்த ஊரோ, எப்ப எடுத்ததோ. மெத்தையைக் கிழிச்சுக் காயப் போடறாங்களோ, தூக்கிப் போடறாங்களோ. குரலை எவனோ அப்புறமா ஒட்டியிருக்கான்."

மெத்தைக்காரர் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு தன் போனை எடுத்து லாரி டிரைவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அதுவா, எங்க மச்சான் அனுப்பினாம்பா" என்றது டிரைவரின் உற்சாகமான குரல். "ஏன், நல்லா இல்லையா? இன்னொண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?"

"வேணாம்" என்று வைத்துவிட்டார். கொள்முதல் அதற்கு மேல் போகவில்லை.

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. "என்னை விரட்டப் பாத்தீங்கன்னு உங்க மேல கோவமா உக்காந்திருந்தேன் அண்ணே" என்றார் தலைவரிடம். "யாரோ ஒருத்தி வீட்டைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கா. அவளைக் காட்டி நான் மெத்தை விக்கப் பாத்திருக்கேன். அதுக்குக் கீழ ஒரு பூனை வேற."

மெத்தைக்காரம்மா டீயை ஆற்றி அவர் கையில் வைத்தார். "குடிங்க. குடிச்சிட்டு எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். அவரை மாதிரி வாயடிக்கும் மனுஷனுக்கு நாலு வரி எழுத அவ்வளவு நேரம் பிடித்ததை நான் பார்த்ததில்லை. 'நான் முன்பு அனுப்பிய மெத்தை வீடியோ உண்மையா என்று பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அது எந்தக் கடையும் இல்லை, வெள்ளம் புகுந்த ஒரு வீடு போலத் தெரிகிறது. யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். தவறு என்னுடையது.' அனுப்பினார். விரல் பழக்கத்தில் அட்டையைத் தேடிப் போனது. நின்றது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாங்களும் அவரவர் அனுப்பினவர்களுக்கு அதை அனுப்பவேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார். "யார் யாருக்கு அனுப்பினேன்னு எனக்கே தெரியாதே" என்றார் குடைக்காரர் பரிதாபமாக. "பேசாம எல்லாருக்கும் அனுப்பிடறேன்." வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு செய்தியை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு அனுப்பினார். படித்து முடித்ததும், "சின்னதாத்தான் இருக்கு" என்றார்.

எச்சரிக்கை காட்டுத்தீ மாதிரி போனது. மன்னிப்பு மாட்டு வண்டியில் போனது. ஒன்றிரண்டு நாள் தெருவில் பெரிய மாற்றமில்லை. மெத்தைக்காரர் பஞ்சை அடித்தார். அவர் மனைவி, யாரும் வாங்காத மெத்தைக்கு ஓரம் தைத்தார்.

பிறகு ஒரு காலையில், மெத்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாளே, அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். நான் எதிரே குண்டான் அடுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வீடியோ தப்புன்னு நீங்க ஒரு செய்தி போட்டீங்களாமே."

"ஆமாம்மா. நான்தான்."

"மூணு பேர்கிட்ட கேட்டேன். மூணு பேரும் அது உங்க செய்தியா இருக்காதுன்னுட்டாங்க. கீழ பூனை இல்லையாம்." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அதான், யாரையும் கேக்க வேணாம், நேர்லயே போய்க் கேட்டுடலாம்னு வந்தேன்."

அவள் திருப்பிப் போட்டுவிட்டுப் போன மெத்தை மூலையில் சாய்ந்திருந்தது. மெத்தைக்காரர் அதை இழுத்துத் தரையில் போட்டார். மனைவியிடம் கையை நீட்டினார். மெத்தைக்காரம்மா கத்தரிக்கோலைக் கொடுத்தார். தன் கையால் தைத்த ஓரத்தை அவர் பிரிப்பதை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். குழந்தையை மெத்தைக்காரம்மாவின் மடியில் விட்டாள். பிரித்த வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரித்து, முகர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கமும் பிரிங்க" என்றாள்.